பதில் வர இருபத்தெட்டு நிமிடம்

செவ்வாய்க்குப் போகும் ஆறு பேரைப் பற்றி நான் எழுதிய நாவலில் எல்லோரும் ஒரே அத்தியாயத்தைத்தான் பாராட்டுகிறார்கள். செவ்வாயிலிருந்து கேட்ட கேள்வி பூமிக்கு வந்து சேரப் பதினான்கு நிமிடம். பதில் திரும்பிப் போக இன்னொரு பதினான்கு. அதனால் குழுவின் தலைவி ஒரு விதி வைத்திருப்பாள்: கேட்டவர் பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. "காத்திருப்பதை எப்படி இவ்வளவு உணர்ந்து எழுதினீர்கள்?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உணர்ந்தேனாம், மண்ணாங்கட்டி.

பொத்தேரியில் ஒரு ஜூஸ் கடைக்கு மேலே வாடகை அறையில் உட்கார்ந்துதான் அதை எழுதினேன். படாளத்தில் எங்கள் நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். வாரம் ஒருமுறை போன் செய்து வம்புக்கு இழுப்பான். "இன்னா பாப்பா, உன் ஆளுங்க போய்ச் சேந்தாங்களா? அங்க தண்ணி கீதா? போர் போட்டாங்களா?" இல்லை என்று நான் சொன்னால், "தண்ணி இல்லாத ஊருக்கு எதுக்குப் போவணும்? செய்யூர் பக்கம் போனா சவுக்காவது வெக்கலாமே" என்று சிரிப்பான். நாற்பதைத் தாண்டியும் அவனுக்கு நான் பாப்பாதான்.

போன வருடம் அறுப்பு சமயத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கால் ஓரளவு தேறியிருந்தது, பேச்சுதான் தேறவில்லை. கேட்டது புரியும், பதில் வர நேரமாகும். உதடு அசையும், நின்றுவிடும், அப்புறம் ஒரு சொல் விழும். அண்ணி பக்கத்தில் இருந்து பொறுமையாகக் கேட்பாள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அவன் முடிப்பதற்குள் நானே சொல்லை எடுத்துக்கொடுப்பேன். முறைப்பான்.

நாவலின் கடைசி மெய்ப்பைத் திருத்தித் தர வேண்டிய வாரம் அது. ஊருக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை போன் செய்தேன். அண்ணி ஸ்பீக்கரில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். "அண்ணா, ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. மறுபடி கேட்டேன். மூச்சுதான். மேசையில் அந்த விதி வரும் பக்கம் கிடந்தது. அதில் ஒரு காற்புள்ளியைத் திருத்திக்கொண்டிருந்தேன். கோபமாயிருக்கிறான், வேண்டாம் என்கிறான் போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டிப் போனை வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், போகாமலிருக்க ஒரு சாக்குக் கிடைத்த நிம்மதியும் இருந்தது.

அடுத்த புதன்கிழமை அண்ணன் போய்விட்டான்.

சாவு வீட்டில் அண்ணியைக் கட்டிக்கொள்ளப் போனேன். கையை உதறினாள். "வான்னு சொன்னாரே, ஏன் வர்ல?"

"எப்ப அண்ணி?"

"இன்னாம்மா எப்பன்ற? ஞாயித்துக்கெழம வரட்டுமான்னு நீதான கேட்ட? அதக் கேட்டுட்டு நான் மோட்டார் நிறுத்தப் போய்ட்டேன். வந்து பாக்கறேன், போனைக் கைல புடிச்சினு 'வா, பாப்பா, வா'ன்னு சொல்லிகினு கீறாரு. எத்தினி நாள் கழிச்சு அவ்ளோ தெளிவாப் பேசினாரு தெரியுமா? ஞாயித்துக்கெழம சவரம் பண்ணிக்கினு, வெள்ளச் சட்ட போட்டுக்கினு வாசல்லயே ஒக்காந்திருந்தாரு. போன் பண்ணிக் கேக்கட்டான்னேன், வேணாம்னு கையக் காட்டினாரு. பொழுது சாயற வரைக்கும் உள்ள வர்ல."

"வேல இருந்துச்சு அண்ணி" என்றேன். வேறென்ன சொல்வது? அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நான் வைத்துவிட்ட போனில்தான் அவன் பேசினான் என்பது அவளுக்குத் தெரியாது. அவ்வளவு பாடுபட்டு அவன் திரட்டிய மூன்று சொல்லும் என் காதில் விழுந்தன என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கூடப்பிறந்தவன் கூப்பிட்டும் வராத நெஞ்சழுத்தக்காரி என்று இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம். அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்லை என்று அவளுக்குத் தெரிவதைவிட இது மேல்.