இறுக்கிப் பிடித்த நாடா

என் கைப்பையின் உள்பக்கத்து ஜிப்பில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு நாடா இருக்கிறது. குழந்தையின் மேற்கையில் சுற்றினால், அதிலுள்ள சின்னத் துளையில் ஒரு நிறம் தெரியும். பச்சை என்றால் பிள்ளை தேறிவிட்டது. மஞ்சள் என்றால் இன்னும் தேறவில்லை. சிவப்பு என்றால் உயிர் ஊசலாடுகிறது. சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று வீட்டுச் சாவியைத் துழாவும்போதெல்லாம் அதுதான் முதலில் விரலில் படும். அது என்னுடையது இல்லை. ஓர் அக்காவின் கையிலிருந்து நான் பிடுங்கிக்கொண்டது.

போருக்குத் தப்பிப் படகேறி வந்த குடும்பங்கள் திருச்சிக்கு வெளியே ஒரு முகாமில் இருந்தன. ஒரு தொண்டு நிறுவனத்தின் நர்ஸாக, ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒவ்வொரு புதன்கிழமையும் அங்கே போவேன். மெலிந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் படுக்கவைக்காமல், வாரத்துக்கு வேண்டிய சத்து சேர்த்த கடலை பேஸ்ட் பாக்கெட்டுகளைத் தாயிடமே கொடுத்து, வீட்டில் வைத்தே தேற்றுவதுதான் எங்கள் வேலை. மற்ற நாட்களில் வீடுவீடாகப் போய்ப் பார்த்துவர முகாமிலேயே ஒருவர் வேண்டும். அப்படி வந்தவர்தான் அக்கா. அவரும் படகில் வந்தவர்தான். சில்லென்று பட்டால் பிள்ளை அழும் என்று, நாடாவை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிய பிறகே சுற்றுவார். நான் பாலக்கரையில் வளர்ந்தவள், எதிலும் அவசரக்காரி. அதற்கெல்லாம் நேரம் ஏது என்று அவரைக் கேலி செய்வேன்.

கடைசி வரிசை வீட்டில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தை ஒன்று சிவப்பில் இருந்தது. மூன்றாவது பிள்ளை. ஐந்தாவது வாரத்தில் கன்னம் பூசினாற்போல் ஆகி, என் பேனாவைப் பிடித்து இழுக்கும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஆனால் அக்காவின் நோட்டில் வாராவாரம் மஞ்சள் என்றே இருந்தது. சந்தேகப்பட்டு நானே சுற்றிப் பார்த்தேன், பச்சை. மறுபடி அவரைச் சுற்றச் சொல்லி, அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் நாடாவைக் கொஞ்சம் இறுக்கியது. மஞ்சள் வந்தது.

"என்னக்கா இது? ஏமாத்துறீங்களா?" என்றேன்.

அக்கா தலைகுனியவில்லை. "தாய் பாக்கெட்டை மூண்டு பிள்ளைக்கும் பிரிச்சுத்தான் குடுக்குறா மிஸ். மற்ற ரெண்டும் வாயைப் பார்த்துக்கொண்டு நிக்க, ஒண்டுக்கு மட்டும் எப்படி ஊட்டுறது? பச்சை எண்டால் நீங்கள் நிப்பாட்டிப் போடுவியள். இன்னும் ரெண்டு கிழமை, பதினாலு நாள் மட்டும் குடுங்கோ, பிள்ளை நிமிர்ந்திடும்."

பதுங்குகுழிக்குள் ஒரு பிஸ்கட் கிடைத்தாலும் தலையை எண்ணி உடைத்துத் தின்றவர்கள் அவர்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும், "இது மருந்துக்கா. மருந்த யாராவது பங்கு போடுவாங்களா?" என்று கத்தினேன். இரண்டு வாரம் தொடர்ந்து பச்சை வந்தால்தான் நிறுத்தலாம் என்பது விதி. போன வாரமும் பச்சையாகத்தான் இருந்திருக்கும் என்று நானே முடிவு செய்து, அன்றைக்கே குழந்தையின் பெயரை அடித்தேன். அக்காவின் கையிலிருந்து நாடாவைப் பிடுங்கிப் பையில் போட்டேன். நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொன்னேன்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. முகாமில் வயிற்றுப்போக்கு பரவியது. பஸ் வசதி சரியில்லை என்று இரண்டு புதன்கிழமை நான் போகவில்லை. அக்கா இல்லாததால் எந்தப் பிள்ளையின் கையையும் யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது புதன்கிழமை போனபோது கடைசி வரிசை வீட்டு வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பிள்ளை பிழைக்கவில்லை.

அக்கா என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் தேவலை. ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்து, "உங்கட அளவு சரிதான் மிஸ். பிள்ளைக்குத்தான் அது போதேல்லை" என்றார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அடுத்த வருடம் அவர் குடும்பம் வேறு ஊர் முகாமுக்கு மாறிப் போய்விட்டது.

போன வாரம் மருங்காபுரியில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தேன். புது நாடாவை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, ஒரு பணியாளரின் மடியிலிருந்த பிள்ளைக்குச் சுற்றிக் காட்டினேன். பச்சை தெரிந்தது. "சரியா இருக்குங்க மேடம்" என்றார் ஒரு பணியாளர். சரியாகத்தான் இருந்தது. நாடாவை அவிழ்க்க மனம் வராமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, கைப்பை ஜிப்பைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. சட்டென்று பையை நகர்த்தி வைத்தேன். உள்ளே இருக்கும் நாடாவை, அக்காவிடம் பிடுங்கிய நாளுக்குப் பிறகு எந்தப் பிள்ளையின் கையிலும் நான் சுற்றியதில்லை.