நீள வண்டிகளுக்கான இடம்

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊராட்சித் தலைவியம்மா எழுந்து, லாரி நிறுத்துமிடம் இன்னும் பெரிதாக வேண்டும் என்று கேட்டதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. காரியாபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில், நான்கு வழிச் சாலையோரம் இருந்த பழைய ஓய்விடத்தைப் புதுப்பிக்கும் திட்டம் அது. திட்டப் பொறியாளர் நான். அத்தகைய கூட்டங்களுக்கு நிலம் போகிறதே என்று அழ வருவார்கள். சிலர் வடைக்காக வருவார்கள். கூடுதலாகக் கான்கிரீட் கேட்டு வந்தவர் என் பணிக்காலத்தில் அவர் ஒருவர்தான். லாரி ஓட்டுநர்கள் மேல் இத்தனை கரிசனமா என்று வியந்தேன்.

கூட்டம் முடிந்ததும் அவரே விளங்கவைத்தார். அவ்வூர்ப் பெண்கள் குதிரைவாலிக் கதிரைத் தார்ச்சாலையில்தான் பரப்புவார்கள். வண்டிகள் ஏறிப்போனால் மணி உதிரும், வெயிலில் காயவும் செய்யும். முந்தைய அறுவடையில், கதிரைப் புரட்டிக்கொண்டிருந்த அவருடைய நாத்தனார்மேல் ஒரு வேன் ஏறிவிட்டது.

"ரோட்டுல ஒருத்தியக் குடுத்துட்டோம் சார். லாரி நிக்காத நேரம் அங்கன காயப்போட்டுக்கிறோம். இன்னொருத்தி போக வேணாம்."

ஓய்விட விதிமுறைகளில் கழிப்பறைக்கு அளவு உண்டு, குப்பைத்தொட்டிக்கு உண்டு, குதிரைவாலிக்குக் கிடையாது. ஆனால் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து காற்றாலை இறக்கை ஏற்றிவரும் நீள வண்டிகளுக்கு இடம் ஒதுக்க வழி இருந்தது. அவை எப்போதோ ஒன்று வரும். வரைபடத்தில் அவற்றுக்குத் தாராளமாக ஒதுக்கினேன். மேலிடத்தில் அதைத் தொலைநோக்கு என்றார்கள். நான் மறுக்கவில்லை.

ஓய்வு பெற்றபின், இந்தத் தை மாதம் மதுரைக்குக் காரில் போகையில் அங்கே தேநீருக்கு நிறுத்தினேன். நீள வண்டிக்கான இடம் முழுவதும் குதிரைவாலி. நுழைவாயிலில் நிஜமாகவே ஓர் இறக்கை வண்டி, அதன் பின்னால் ஹாரன் அடித்தபடி ஒரு வரிசை. பதவி போயும் குரல் போகாத தலைவியம்மா ஓட்டுநரோடு மல்லுக்கு நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இந்தா, எடம் போட்டுக்குடுத்தவுகளே வந்துட்டாக. அவுககிட்டயே கேளும்."

"ராத்திரி பூரா ஓட்டியிருக்கேன் சார், கண்ணு சொருகுது," என்றார் ஓட்டுநர். "இது யாரு எடம்?"

விதிப்படி அவருடையது. ஒதுக்கியவன் நினைப்பில் அந்தப் பெண்களுடையது. ஒதுக்கியவன் நான்தான். தூங்காத ஒருவரைத் திரும்பச் சாலைக்கு அனுப்பலாமா? அனுப்பாவிட்டால் இவர்கள் எங்கே போவார்கள்? கோப்பாக இருந்தால் தக்க நடவடிக்கைக்கு என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளியிருப்பேன். அங்கே மேசையே இல்லை.

தலைவியம்மா என் முகத்தில் பதில் தேடிப் பார்த்துவிட்டு, ஓட்டுநரின் சிவந்த கண்களைப் பார்த்தார்.

"அள்ளுங்கடி. மொதல்ல இவரு தூங்கட்டும்."

தார்ப்பாயில் பாதிக் கதிர்தான் கொண்டது. மிச்சத்தைப் பெண்கள் சாலையோரம் சுமந்துபோய்ப் பரப்பத் தொடங்கினார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்; சொன்னால் வேறு இடம் காட்ட வேண்டும்.

அவர்களுக்கு முன்னால் சிறிது தூரம் நடந்து, தாரின் விளிம்பில் நின்று, வரும் வண்டிகளை ஒதுங்கிப் போகும்படி கைகாட்டினேன். சிலர் வேகத்தைக் குறைத்தார்கள், சிலர் திட்டிக்கொண்டே போனார்கள். இரு சாரார் பக்கமும் நியாயம் இருப்பதாகவே பட்டது. எந்த அதிகாரத்தில் அங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வெயில் சாய்ந்து, கடைசிப் பெண் கடைசிக் கூடையோடு சாலையைவிட்டு இறங்கும்வரை கையைக் கீழே போடவில்லை.