சர்வேயரம்மாவுக்குக் குழந்தைத் தட்டு

வேலை நிமித்தம் பாதி வருஷம் காட்டு விடுதிகளில் தங்கும் சர்வேயரம்மா, சாப்பாட்டைக் கொறிப்பதோடு சரி. முழுச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்து முக்கால்வாசியை மிச்சம் வைப்பது அவருக்கு வயிற்றெரிச்சல். அன்று துணிந்து, குழந்தைகளுக்கான அரை விலைத் தட்டைக் கேட்டார்.

"அப்பா அம்மா கூட வந்தாத்தான் தருவோம்," என்றார் மேலாளர் விறைப்பாக.

பக்கத்து மேசையில் மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர் நிமிர்ந்தார். சர்வேயரம்மாவின் மகன் வயதுதான் இருக்கும். "குடுங்க சார், இது என் பொண்ணுதான்."

மேலாளர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

தட்டும் ஒரு டம்ளர் பாலும் வந்தன. நாலு வாயிலேயே வயிறு நிறைந்து அம்மா எழுந்தார்.

"பாலைக் குடிச்சிட்டு எழுந்திரு!" என்று அதட்டினார் டிரைவர்.

அம்மா மறுபேச்சில்லாமல் குடித்தார்.