நைட் ஹால்ட்டில் வாங்கிய பி.எல்.

கண்டக்டர் வேலையில் யாரிடம் வேண்டுமானாலும் சில்லறை கேட்கலாம். லீவு மட்டும் யாரிடமும் கேட்க முடியாது. பகலில் டூட்டி, மாலையில் வகுப்பு என்று அல்லாடிய சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது. எண்பதுகளின் தொடக்கத்தில், பெருநகர் என்ற கிராமத்தில் கிளம்பி உத்திரமேரூர் வழியாக மெட்ராஸ் பாரிமுனைக்குப் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர்.

எந்தப் பட்டம்?

பி.ஏ. முடித்திருந்தேன். சட்டம் படிக்க ஆசை என்று டிப்போவில் வாய்விட்டேன். ஆளுக்கொரு யோசனை வந்து விழுந்தது. தபாலில் இரண்டு வருஷம் படித்தால் பி.ஜி.எல். பட்டம் உண்டு, கோர்ட்டில் வாதாட முடியாது. பி.எல். என்றால் மூன்று வருஷம், நேரில் போய் உட்கார வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கு மாலை வகுப்பு இருந்தது. அதற்கும் மேற்படிப்பான எம்.எல். பற்றி நான் மூச்சுகூட விடவில்லை.

குழம்பிப்போய் டைம்கீப்பரிடம் நின்றேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பி.ஜி.எல். படிச்சா உன் ப்ரமோஷனுக்கு ஆவும். பி.எல். படிச்சா ஊருக்கே ஆவும். எது வோணும்னு நீயே பாத்துக்கோ."

கொசுக்கடி

மாலை வகுப்புக்கு ஒரே வழி, மதியம் கிளம்பி மாலையில் பாரிமுனை சேரும் வண்டிதான். அங்கிருந்து கல்லூரி கூப்பிடு தூரம். ஆனால் அது நைட் ஹால்ட் வண்டி. மறுநாள் காலைதான் திரும்பும். சீட்டிலேயே படுக்க வேண்டும். டிப்போவில் எல்லோரும் அந்த டூட்டி என்றால் தலைதெறிக்க ஓடுவார்கள்.

நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கூட வர டிரைவர் வேண்டுமே? ஏழுமலை அண்ணன், குடும்பஸ்தர், தானாகவே வந்தார். மூன்று வருஷமும் வந்தார். "வீட்டில் அண்ணி திட்டமாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"வூட்ல தூங்கனாலும் கொசு கடிக்குது, பஸ்ல தூங்கனாலும் கொசு கடிக்குது. நீ போய் படி, நைனா."

தாம்பரத்தில் பஞ்சர்

மூன்றாம் வருஷ மழையில் வண்டி தினமும் தாமதம். இன்னும் ஒரு வகுப்பு தவறினால் வருகைப் பதிவு போதாது, பரீட்சை எழுத முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கென்று பார்த்துத் தாம்பரம் தாண்டியதும் டயர் பஞ்சர். பணப்பையும் கையுமாக இருக்கும் கண்டக்டர் வண்டியை விட்டுவிட்டு ஓடவும் முடியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மெட்ராஸில் வாரக்கணக்கில் தங்கிக் கட்டட வேலை செய்யும் கன்னியம்மாக்கா, எங்கள் தெருக்காரர், முதலில் இறங்கினார். பின்னாலேயே அவருடைய ஆட்கள் மொத்தமும் இறங்கி, மழையில் நனைந்துகொண்டே ஸ்டெப்னியை உருட்டி வந்தார்கள். வகுப்பில் என் நம்பரைக் கூப்பிடும்போது மூச்சிரைக்க நுழைந்தேன்.

அடுத்த முறை அக்கா பஸ் ஏறியபோது கையெடுத்துக் கும்பிட்டேன். "இதுக்குப் போயி இன்னாத்துக்குக் கும்புட்ற? நம்ம தெருவுல ஒருத்தரும் கறுப்புக் கோட்டு போட்டது கெடையாது. நீ போட்டுக்கினு வா, அது போதும்."

கோட்டு

பாஸானேன். வேலையை விட்டு வக்கீலாகப் பதிவு செய்துகொண்டேன். முதல் வேலையாகக் கோட்டோடு அதே பஸ்ஸில் ஏறினேன், டிக்கெட் வாங்கிக்கொண்டு. ஏழுமலை அண்ணன் கண்ணாடியில் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அந்த வண்டிக்குப் பின்னால் எத்தனை ஹாரன் அடித்ததென்று கேட்காதீர்கள். மெட்ராஸில் இறங்கியதும், இனிமேலாவது பகல் டூட்டி கேளுங்கள் என்றேன்.

"எம் பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிட்டா. இப்போ வக்கீலுக்குப் புச்சா அஞ்சு வருஷ கோர்ஸ் வந்துகீதாமே, எப்டி சேக்கறதுன்னு சொல்லு. நைட் ஆல்ட்டு எனக்குப் பழகிப்போச்சு."

என் பி.எல். சான்றிதழில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு இடம் போதவில்லை போலும்.