ஃபைல் வேகமாகத் திறந்த நாட்கள்

ஒரகடம் போகும் சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். தொழிற்சாலைக் கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பது வேலை. ஒரு கட்டடத்துக்கு ஒரே பொது ஃபைல், சர்வரில் இருக்கும். தூண் போடுகிறவர், சுவர் போடுகிறவர், பைப் போடுகிறவர் என்று எட்டுப் பேரும் அதன் பிரதியை அவரவர் கம்ப்யூட்டரில் திறந்து வேலை செய்து, அவ்வப்போது பொது ஃபைலில் சேர்ப்போம்.

அப்போது கையில் இருந்த ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் ஃபைல் பெருத்துப்போய்க் கிடந்தது. காலையில் திறக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி டீ குடித்து, பேப்பரில் இரண்டு பக்கம் படித்துவிட்டு ஏறி வந்தாலும் திறந்தபாடில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேர்த்தால் எல்லாருடையதும் நின்றுவிடும். அதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். சேர்க்கப்போகிறவர் கையைத் தூக்கி என்னைக் கேட்க வேண்டும். நான் தலையாட்டினால்தான் சேர்க்கலாம். "அண்ணா, தொங்கிடுச்சு" என்று நாளுக்குப் பத்துத் தடவை யாராவது கூப்பிடுவார்கள். ஒன்பது வருடமாக அங்கே இருந்தவன் நான். அலுத்துக்கொண்டே எழுந்து போவேன். அந்தக் கூப்பாடு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போது தெரியாது.

அந்த நேரத்தில்தான் அந்த அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். மகளுக்காக ஏழு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, கணவருக்கு மறைமலை நகரில் வேலை கிடைத்ததும் மறுபடி வேலைக்கு வந்தவர். எங்கள் முதலாளி, நாங்கள் சார் என்போம், அந்த அம்மாவை என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, "கொஞ்சம் சொல்லிக்குடுப்பா" என்றார். ஏழு வருடத்தில் எல்லாம் மறந்திருக்கும், ஒரு மாதம் தாங்கமாட்டார் என்று நினைத்தேன்.

முதல் வாரம் அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. தினமும் ஃபைல் திறக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் திரையைக் காட்டி, "இந்த கம்ப்ரெசர்ல ஒவ்வொரு போல்ட்டும் இருக்கே, யாரு வச்சது?" என்றார்.

"நான்தான்."

"பாக்க நல்லாத்தான் இருக்கு. நம்ம கட்டடத்துக்கு இது வேணுமா?"

மெஷின் கம்பெனிகள் அனுப்பிய மாடல்களை அப்படியே முழுதாக உள்ளே கொண்டுவந்து வைத்தவன் நான். ஆபீஸுக்கு யார் வந்தாலும் அந்த போல்ட்டுகளைப் பெரிதாக்கிக் காட்டுவேன். "கிளையன்ட் கேப்பாங்க" என்றேன். ஒரு கிளையன்டும் கேட்டதில்லை.

சாரிடம் அனுமதி வாங்கி, எங்களுக்கெல்லாம் லீவான ஒரு சனிக்கிழமை அந்த அம்மா மட்டும் வந்து உட்கார்ந்தார். மெஷின்களை எடுத்துவிட்டு அதே அளவில் வெறும் பெட்டிகளை வைத்தார். ஒரே ஃபைலைக் கட்டடம், பைப், மின்சாரம் என்று மூன்றாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பார்க்கும்படி இணைத்தார். உபயோகமில்லாதவற்றைக் கழித்தார். காலையில் புதுப் பிரதி எடுக்க வேண்டும், அவரவர் வேலை செய்யும் பகுதியை மட்டும் திறக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

திங்கட்கிழமை நான் டீக்கு இறங்கச் செருப்பை மாட்டுவதற்குள் ஃபைல் திறந்துவிட்டது. பைப் வேலை பார்க்கும் ஸ்ரீபெரும்புதூர்க்காரன், "இன்னாண்ணா இது, டீ குடிக்கக்கூட டைம் குடுக்க மாட்டேங்குது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சார் அந்த அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "இவ்ளோ வருஷமா இத ஏன் யாரும் செய்யல?" என்று கேட்டார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

அதன்பிறகு யாரும் கை தூக்கவில்லை. யாருக்கும் தொங்கவில்லை. சந்தேகம் என்றால் அந்த அம்மாவின் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். அவர் "பாக்கேன், பாக்கேன்" என்று சொல்லும் விதம்கூட எனக்கு எரிச்சலாக இருந்தது. மணிமங்கலத்தில் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சு. ஒரு நாள் என் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே, "தெனம் அந்தம்மா கதையே பேசிகினு கீறீங்க. அவங்க உங்கள இன்னா பண்ணாங்க?" என்றாள். என்ன செய்தார் என்று யோசித்துப் பார்த்தேன். ஃபைலை வேகமாகத் திறக்கவைத்தார், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அவர் செய்த தவறு ஒன்று என் கண்ணில் பட்டது. கம்ப்ரெசரின் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. ஃபில்டர் மாற்ற அதை முழுதாகத் திறக்க வேண்டும். அவர் வைத்த பெட்டியில் அந்தக் கதவுக்கு இடம் விடவில்லை. அங்கே ஒரு பைப் குறுக்கே போனது. அறையைக் குறுக்காக வெட்டிக் காட்டும் படம் ஒன்றை ஃபைலிலேயே எடுத்து உறுதிசெய்துகொண்டேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். திரும்பிச் சொன்னால் ஒரு நிமிட வேலை. நான் சொல்லவில்லை. வியாழக்கிழமை கிளையன்ட் வருகிறார்கள், அவர்கள் முன்னால் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த மூன்று நாளும் பைப்காரன் அதே அறையில்தான் வேலை செய்தான். புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, இந்த ரூட் ஓகேதானே?" என்று கேட்டான். வெகுநாள் கழித்து ஒருவன் என்னைக் கேட்கிறான். "போடு, பாத்துக்கலாம்" என்றேன்.

வியாழக்கிழமை பெரிய திரையில் அந்த அறை வந்ததும் சொன்னேன். அந்த அம்மா ஒரு கணம் திரையைப் பார்த்தார். "ஆமா சார். பெட்டி வைக்கும்போது கதவை விட்டுட்டேன். என் தப்புதான்" என்றார். வந்திருந்த இன்ஜினியர், "நல்லவேளை, இப்பவே பாத்தீங்க" என்று என்னிடம் சொன்னார். சார் என் தோளில் தட்டினார். இதற்காகத்தான் காத்திருந்தேன். சாப்பாட்டு நேரம் வரை நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிட்டு வந்ததும் அந்த அம்மா தன் திரையை என் பக்கம் திருப்பினார். நான் எடுத்த குறுக்குவெட்டுப் படம். உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர். பொது ஃபைலில் யார் எதைச் செய்தாலும் பெயர் நிற்கும். அது எனக்குத் தெரியாததல்ல.

"திங்கக்கிழமை ராத்திரி எடுத்து வச்ச பேக்கப்புலயும் இது இருக்கு" என்றார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"மறந்துட்டேன் மேடம்."

"என்னை விடுங்க. அந்தத் தம்பி மூணு நாளா அந்த ரூம்ல பைப் போட்டுக்கிட்டு இருந்தானே."

அவ்வளவுதான் சொன்னார். திரையைத் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

சாயங்காலம் பைப்காரனிடம் நானே போய்ச் சொன்னேன். "நான் கேட்டப்பவே தெரியுமாண்ணா உனக்கு?" என்றான். தெரியும் என்றேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டான். அந்த அறையின் பைப் எல்லாவற்றையும் நான் பிரித்து மறுபடி போட்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, சனிக்கிழமை வரை இழுத்தது.

அடுத்த வாரம் அந்த அம்மா மெஷின்களின் பட்டியல் ஒன்றை என் மேஜையில் வைத்தார். "மெஷின் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். எல்லாப் பெட்டியும் சரியான்னு பாத்துச் சொல்லுங்க." தண்டனையா, மரியாதையா என்று எனக்கு விளங்கவில்லை. பார்த்தேன். இன்னும் ஐந்து இடத்தில் கதவு விட்டுப்போயிருந்தது. இந்த முறை கண்ணில் பட்டதும் சொன்னேன்.

நான் மறைத்ததை அவர் சாரிடம் சொல்லவே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அந்த வித்தியாசமும் என்னை உறுத்தியது, அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

பைப்காரன் என்னோடு பழையபடி பேச இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது வேறு கட்டடம், வேறு ஃபைல். ஏதாவது சந்தேகம் வந்தால் எழுந்து வருகிறான். என் நாற்காலியைத் தாண்டி, அந்த அம்மாவிடம் போகிறான்.