அலையைத் தாண்டி ஒரு வாக்கியம்

என்னைப் போன்ற அசடு மயிலாப்பூரில் இன்னொருவன் இருக்கலாம். ஆனால் தன் அசட்டுத்தனத்துக்குக் கைதட்டலும் எதிர்பார்ப்பவன் நான் ஒருவன்தான். நாலு பேர் கூடிய இடத்தில் ஒரு ஜோக் அடிக்காவிட்டால் எனக்கு வயிறு உப்பிவிடும். வேறு ஆள் சிக்காவிட்டால், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கவே இருந்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் அவளிடம் ஏதாவது கேட்டால், அவள் வாய் திறப்பதற்குள், "சைலன்ட் மோடுல இருக்கா, என்கிட்ட கேளுங்க" என்பேன். சிரிப்பார்கள். அவள் உள்ளே போய்விடுவாள்.

பள்ளியிலும் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கிறாளே தவிர பேசுவதில்லை என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். சாந்தோமில் ஒரு ஹாலில் சனிக்கிழமைதோறும் நடந்த நாடக விளையாட்டு வகுப்பில் சேர்த்தோம். அதன்பிறகு அவள் குளியலறையில் எதையோ சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். நான் கதவைத் தட்டி, "ஷோ எத்தனை மணிக்கு?" என்பேன். சத்தம் நின்றுவிடும்.

கடைசி வகுப்புக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். அன்றைய விளையாட்டின் பெயர் 'அலை'. ஹாலின் ஒரு கோடியில் பிள்ளை, மறுகோடியில் அப்பாவோ அம்மாவோ. நடுவில் மற்ற பிள்ளைகள் உட்கார்ந்து 'ஹோ'வென்று கடலாக இரைவார்கள். வீட்டில் சொல்ல நினைத்துச் சொல்லாத ஒரு வாக்கியத்தைப் பிள்ளை அந்த இரைச்சலைத் தாண்டிச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

மகள் தோளைத் தளர்த்தி, மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, எல்லார் முன்னாடியும் என்னைக் கிண்டல் பண்ணாதே!"

ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று வந்து விழுந்தது. கடலே அடங்கிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை முகங்களைக் கண்டபின் இந்த வாய் சும்மா இருக்குமா?

"மேடம், இதுல சவுண்டைக் குறைக்கிற பட்டன் எங்க இருக்கு?"

ஹால் குலுங்கியது. நான் வாங்கிய சிரிப்புகளிலேயே பெரியது அதுதான். வகுப்பு நடத்திய பெண் மட்டும் சிரிக்கவில்லை. "சார், அவ சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் மகள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

கச்சேரி ரோடு சிக்னலில் ஸ்கூட்டர் நின்றது. வழக்கமாக என் சட்டையைப் பிடித்துக்கொள்பவள், அன்று பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையைத் திருப்பி, "இன்னொரு தடவை சொல்லும்மா. இப்ப ஒழுங்கா கேக்கறேன்" என்றேன்.

"அப்பவே கேட்டுச்சுல்ல."