மந்திரகோடிப் பிளவுசும் ரெண்டு செக்கண்டு பசையும்

சூப்பர் பசையைக் கண்டுபிடித்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. வாங்குகிறவர்களைத் தெரியும்: ஒரு வேலையைக் கடைசிவரை செய்ய உடம்பு வணங்காதவர்கள். என் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள், என் நாத்தூன், கணவரின் தங்கை. நெய்யாற்றின்கரையில் மூன்று மாதம் பியூட்டி கோர்ஸ் படித்தாள். அன்றிலிருந்து ஊசி எடுப்பது அவளுக்குக் கேவலம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், வீட்டிலிருந்தே பிளவுஸ் தைக்கிறேன். வெட்டுமுன் நாலு தடவை அளப்பேன். வெட்டிய பிறகும் நெஞ்சடிப்பு நிற்காது. அந்த வாரம் கையில் இருந்தது காரோடு ஊர்ப் பெண் ஒருத்தியின் மந்திரகோடிப் பிளவுஸ். சர்ச்சில் மின்னு என்கிற தாலியைக் கட்டியதும் மாப்பிள்ளை பெண்ணின் தலையில் போர்த்தும் அந்தப் பட்டுச்சேலையிலிருந்தே வெட்டிய துணி. கெட்டால் மாற்று கிடையாது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள்.

கழுத்தைச் சுற்றிக் கண்ணாடிக் கல் தைக்க வேண்டும். ரெண்டு நாள் வேலை என்றேன்.

"பசை வச்சு ஒட்டினா ரெண்டு செக்கண்டு போரும் மைனி. நீங்க படிப்ப நிறுத்தினதுகொண்டு எல்லாத்துக்கும் பேடியாக்கும்" என்றாள்.

தொடாதே என்று சொல்லிவிட்டு ஊக்கு வாங்கப் பாறசாலைக்குப் போனேன். பஸ்ஸில் இருக்கும்போதே மனசு சரியில்லை. திரும்பி வந்தால் அறையெல்லாம் கண் எரிகிற நெடி. அவள் கல் ஒட்டத் தொடங்கியிருந்த இடது தோளில் பட்டு அப்பளம்போல் விறைத்து, வெள்ளை பூத்திருந்தது. பசை உள்ளே இறங்கிப் பருத்தி லைனிங்கில் பட்டதும் சூடேறிப் புகைந்திருக்கிறது. கோர்ஸில் இதைச் சொல்லித்தரவில்லைபோலும். பதறிப்போய் அழுத்தியதில் அவளுடைய ரெண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் கையை ஊறவைக்கச் சொன்னேன். இழுத்துப் பிரிக்காதே என்றும் சொன்னேன், அவளுக்காக இல்லை, பிளவுஸில் ரத்தம் படக்கூடாதே என்று.

ஊறும்போதே மற்றக் கையால் நகச்சாயம் அழிக்கிற மருந்தை எடுத்துப் பட்டின்மேல் கவிழ்க்கப் போனாள். பிடுங்கினேன்.

"ஒனக்க கல்லு போனா போட்டு பிள்ளே. அந்தப் பெண்ணு எதை உடுத்திட்டுப் போவா?"



வெட்டி மிஞ்சிய துண்டுகளில் முதலில் சோதித்தேன். பட்டின் நிறம் நின்றது. லைனிங் சாயம் விட்டது. அவள் வாங்கிவந்தது பிளாஸ்டிக் கல். மருந்து பட்டதும் மங்கிப் பிசுபிசுத்தது. அதனால் லைனிங்கைத் தையல் பிரித்து, ஒட்டிய இடத்தைச் சுற்றி வெட்டி எடுத்தேன். பட்டின் உள்பக்கம் மருந்தை ஒவ்வொரு சொட்டாக வைத்து, இளகியதைப் பஞ்சால் ஒற்றினேன். தேய்த்தால் இழை பிரியும். மூன்று மணிநேரம் ஆயிற்று. மிளகளவு தழும்பு மட்டும் போகவில்லை. அதன்மேல் கண்ணாடிக் கற்களைக் கொத்தாக வைத்துத் தைத்து, மற்றத் தோளுக்கும் அதேபோல் ஒன்று வைத்தேன்.

பெண்ணின் அம்மா பிளவுஸ் வாங்க வந்தார். தோளைத் தடவி, இது என்ன என்று கேட்டார்.

"புது டிசைனு. நானாக்கும் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் என் நாத்தூன், கூசாமல்.

கல்யாணத்தன்று பெண் மந்திரகோடி உடுத்தி மேடைக்கு வந்தாள். நான் இடது தோளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டு கிழியவில்லை, ஒரு கல்கூட உதிரவில்லை. இருந்தும் அவள் ஒவ்வொரு தடவை கையைத் தூக்கும்போதும் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். என் நாத்தூன் ரெண்டாவது பிளேட் பிரியாணிக்குப் போனாள்.